ஆதாரமாக நின்றவர்

கணவர் வேலைக்குப் போட்டுப் போகும் பேன்ட்டை அவள் மறுபடியும் இடுப்பில் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்பக்க நடுத் தையலுக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி, சாக்கட்டியால் கோடு போட்டு ஊசி குத்தினாள். குத்திவிட்டுத் திருப்பிப் பார்த்தவளின் கை அப்படியே நின்றது. பின்பாக்கெட்டுகள் இரண்டும் ஒன்றையொன்று இடிக்க வந்துவிட்டன.

ஒரு துணிக்கடையின் மேல்மாடியில், வாங்கிய துணியை ஆளுக்கு ஏற்றபடி பிடித்தும் விட்டும் கொடுக்கிற வேலை அவளுக்கு. கடையில் எல்லாருக்கும் அவள் 'ஆல்டர் அக்கா'. ஓர் ஆள் படியேறி வரும்போதே இடுப்பில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று சொல்லிவிடுவாள். ஊரான் இடுப்பையெல்லாம் கண்ணால் அளந்தவள், சொந்த வீட்டு இடுப்பு கரைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. பார்த்தாள், சொன்னாள், சொல்லி அலுத்தாள். அலுத்த பிறகு பேன்ட்டைப் பிடித்துக் கொடுத்தாள்.

"என்னங்க, இதுக்கு மேல பிடிக்க முடியாது. பாக்கெட் ரெண்டும் ஒண்ணாயிடும். இனிமே புதுசுதான் தைக்கணும்."

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பாத்தியா? தொப்பை இருந்த இடமே தெரியல. கல்யாணத்தப்ப இருந்த இடுப்பு திரும்பி வந்திருக்கு. நீ என்னடான்னா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க."

"கல்யாணத்தப்ப கன்னமும் இருந்துச்சுங்க."

அவர் காதில் வாங்கவில்லை. ஊசியைப் பிடுங்கிவிட்டுப் பேன்ட்டைப் போட்டுக்கொண்டார். இடுப்புப் பட்டியைக் கட்டை விரலால் முன்னால் இழுத்து, எவ்வளவு தொளதொளப்பாக இருக்கிறது என்று தெரியும்படி கண்ணாடி முன்னால் நின்று படம் எடுத்தார். ஒரு செம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, போனில் எழுத ஆரம்பித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு தடவை சொன்னாள். கையைத் தூக்கி 'இரு' என்று காட்டினாரே தவிர நிமிரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நல்ல மெக்கானிக். இவர் கை வைத்த லிஃப்ட் நடுவில் நின்றது என்று யாரும் சொன்னதில்லை. வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அந்த வாய்க்குத் தீனியாகக் கிடைத்தது 'பேசிப் பார்ப்போம்' என்ற இணையக் குழு. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே இருந்தார்கள். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. நிலாவுக்கு மனிதன் போனது நிஜமா, கனவு பலிக்குமா, தலையணைக்கு அடியில் போன் வைத்தால் மூளை கெடுமா, டீக்குச் சர்க்கரையை முதலில் போடுவதா கடைசியில் போடுவதா என்று பொழுது விடிந்ததிலிருந்து ஒரே அமளி. இவர் அங்கே 'பத்தாவது மாடி'.

ஆரம்பத்தில் அவர் எழுதுவதைப் படித்துக் காட்டச் சொல்லி அவளே கேட்பாள். தங்கள் கட்டடத்து லிஃப்ட் ஆளில்லாமல் தானாக மேலே போவதாகவும், அது பேயின் வேலை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். "பேய் இல்லை ஐயா. உங்கள் வீட்டுப் பையன் எல்லா பட்டனையும் அமுக்கிவிட்டு இறங்கி ஓடிவிட்டான். முதலில் அவனைப் பிடியுங்கள்" என்று இவர் பதில் போட்டார். அன்று இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அப்போதெல்லாம் அவர் அறிவியலின் பக்கம்தான் நின்றார். யாரும் அவரைத் தள்ளிக்கொண்டு போகாதவரைக்கும்.

வேலை செய்யும் நிறுவனத்தில் ஒரு நாள் எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இவருக்குச் சர்க்கரை கூடுதல் என்று மாத்திரை கொடுத்தார்கள். முணுமுணுக்காமல் போட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்தச் சமயத்தில், கூட வேலை பார்த்த ஒருவர் சிறுநீரகம் கெட்டு, நாள் விட்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யப் போய் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இவருக்குள் ஒரு பயம் புகுந்தது. அதே வாரம் குழுவில் ஒரு செய்தி வந்தது: சர்க்கரை மாத்திரைதான் சிறுநீரகத்தை அரிக்கிறது, ஓர் இலைப் பொடியைச் சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று.

இவர் அதை நம்பிவிடவில்லை. கேட்கத்தான் செய்தார். "இப்படிச் சொல்கிறார்களே, உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்." அவ்வளவுதான் எழுதினார்.

முதல் பதில் 'ஆதாரம் எங்கே' என்ற ஆளிடமிருந்து வந்தது. குழுவில் அறிவியல் பேசுகிறவர்களில் அவர்தான் பெரிய கை. யார் எதைச் சொன்னாலும் ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கிழித்துத் தொங்கவிடுவார். "லிஃப்ட்டை மேலே அனுப்பத் தெரிந்தவருக்கு மூளையை மேலே அனுப்பத் தெரியவில்லையே. பத்தாவது மாடி என்று பெயர் வைத்தால் போதுமா அண்ணே? அறிவு இன்னும் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்தில்தான் நிற்கிறது."

சிரிக்கும் முகங்கள் வந்து குவிந்தன. ஒருவர்கூடக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "என்ன ஆச்சு?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றார். பொடிக் கட்சிக்காரர்கள் மட்டும் தனியாக அவருக்கு எழுதினார்கள். 'சகோதரரே, கேள்வி கேட்டதற்கா இந்த அவமானம்? நாங்கள் இருக்கிறோம்' என்றார்கள். வலித்த இடத்தில் எண்ணெய் தடவியதுபோல இருந்தது அவருக்கு. தடவியது யார், எதற்காக என்று யார் பார்க்கிறார்கள்?

பிறகு அவர்களோடு சேர்ந்து பொடிக்காக வாதாட ஆரம்பித்தார். தினமும் சண்டை. ஒருநாள் 'ஆதாரம் எங்கே' வழக்கம்போல ஆதாரம் கேட்டார். இவருக்குச் சுருக்கென்றது. "நான்தான் ஆதாரம். இன்றிலிருந்து மாத்திரையை நிறுத்திப் பொடிக்கு மாறுகிறேன். எல்லாரும் சாட்சி" என்று எழுதிவிட்டார்.

எழுதிய கை அதை அழித்திருக்கலாம். அதற்குள் நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டிவிட்டார்கள். ஒரே நாளில் அவர் அந்தக் கட்சிக்குத் தலைவர் மாதிரி ஆகிவிட்டார். 'பத்தாவது மாடி இன்று எப்படி இருக்கிறார்?' என்று தினமும் கேட்டார்கள். அவரும் தினமும் 'அருமையாக இருக்கிறேன்' என்று எழுதினார். இடுப்பு இளைத்ததைப் படம் பிடித்துப் போட்டார். தாகத்தைப் பற்றியோ, ராத்திரி எத்தனை தடவை எழுந்து போகிறார் என்பதைப் பற்றியோ எழுதவில்லை. கண் மங்குகிறது என்று எழுதவில்லை. வேலை ஷூ கடித்து வலது பாதத்தில் வந்த கொப்புளம் ஆறாமல் ஓரம் கறுத்து நிற்பதையும் எழுதவில்லை.

அந்தப் பாதத்தை அவள் ஒருநாள் பார்த்துவிட்டாள். வாளியில் வெந்நீர் வைத்துக் காலைக் கழுவிவிடுகிறேன் என்று பிடித்தபோது, அவள் விரல் புண்ணில் பட்டது. அவருக்கு வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூட அவள் அவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

"கிளம்புங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஷூ கடிச்சதுக்கு ஆஸ்பத்திரியா? மருந்து போட்டா சரியாயிடும்."

"ஓடிக்கிட்டிருக்குங்கறதுக்காக ஒரு லிஃப்ட்டை நல்லா இருக்குன்னு சொல்லிடுவீங்களா நீங்க? கயிறு பாக்காம, பிரேக் பாக்காம கையெழுத்துப் போடுவீங்களா? மத்தவங்க ஏறுற பெட்டிக்கு அவ்வளவு பாக்கறீங்க. உங்க உடம்புன்னா கேட்பாரில்லையா?"

அவர் துண்டால் காலைத் துடைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்ப போனா அவன் ஜெயிச்சிடுவாம்மா."

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் கேட்டாள்: "அப்ப... பொடியில உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை வேற, வார்த்தை வேற. எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ஊரே பாத்துக்கிட்டிருக்கு."

"எந்த ஊரு? உங்களுக்குக் காய்ச்சல்னா கஞ்சி கொண்டு வர ஊரா? அதுல ஒருத்தரோட முகம் தெரியுமா உங்களுக்கு? அவங்களுக்கு உங்க பேராவது தெரியுமா?"

"உனக்கு அதெல்லாம் புரியாது" என்றார். சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டார். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினாள். தண்ணீரில் ஒரு நாற்றம் இருந்தது.

மறுநாள் கடையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பக்கத்து மிஷினில் காஜா எடுக்கிற பெண் அவள் கையிலிருந்து ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பட்டன் ஓட்டை போடுகிற அந்த வேலையை வைத்தே அவளைக் காஜாக்காரி என்பார்கள். வாயும் அப்படித்தான், எதையும் ஓட்டை போட்டுப் பார்த்துவிடும்.

"என்ன ஆல்டர் அக்கா, வீட்ல சண்டையா? உன் வீட்டுக்காரர் போனுக்கு ரெண்டாம் தாலி கட்டிட்டாரா?"

சிரிக்க முயன்றவள் அழுதுவிட்டாள். துணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். காஜாக்காரி மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"ஆம்பளைங்களுக்குக் கால் போனாலும் பரவால்ல, மீசையில மண் ஒட்டக் கூடாது" என்றாள். "எங்க வீட்ல ஒருத்தர் இருக்காரு, வழி தப்புன்னு தெரிஞ்சும் யாரையும் கேக்காம அடுத்த ஊர் வரைக்கும் வண்டி ஓட்டுவாரு. திரும்பினா நான் ஜெயிச்சிடுவேனாம்." கொஞ்சம் யோசித்தாள். "அக்கா, இவருகிட்டப் பேசிப் பிரயோஜனமில்ல. இவரைப் பிடிச்சு வச்சிருக்கறது இவர் இல்ல, அந்த எதிராளி. அவன் கையை விட்டா இவர் தானா இறங்கிடுவாரு. நீ அவன்கிட்டப் பேசு."

எதிரியிடம் போய்க் கெஞ்சுவதா என்று அவளுக்குக் கூசியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் கூசியது. பிறகு தன் போனில் அந்தக் குழுவில் சேர்ந்து, 'ஆதாரம் எங்கே'க்குத் தனியாக எழுதினாள்.

"ஐயா, நான் பத்தாவது மாடி என்பவரின் மனைவி. அவர் உங்களிடம் தோற்கக் கூடாது என்பதற்காக மட்டும் மாத்திரை போடாமல் இருக்கிறார். கால் அழுகுகிறது. நீங்கள் தோற்றுவிட்டதாக ஒரு வரி போட்டுவிடுங்கள். அவர் ஜெயித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார். உங்களை நான் மறக்க மாட்டேன்." கீழே தன் போன் எண்ணையும் எழுதினாள்.

அனுப்பிவிட்டு, 'நமக்கும் ஒரு சிரிப்பு முகம்தான் வரும்' என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் போன் அடித்தது. சரக்கு வைக்கும் அறைக்குள் போய், தலையில்லாத துணி பொம்மைகளுக்கு நடுவில் நின்று எடுத்தாள்.

"அக்கா, நான் ஆதாரம் எங்கே..." என்று ஆரம்பித்தவருக்கே கூச்சமாகிவிட்டது போல. "அதாவது, நீங்க எழுதியிருந்தீங்களே. கால் என்ன நிறத்துல இருக்கு? காய்ச்சல் இருக்கா? தொட்டா தெரியுதா அவருக்கு?"

"தெரியல. நீங்க டாக்டரா, தம்பி?"

"இல்லக்கா. மருந்துக் கடையில நிக்கறேன்."

"இதை ஏன் அங்க ஒரு தடவைகூடச் சொல்லல?"

"சொன்னா, மாத்திரை விக்கறவன் மாத்திரைக்குத்தான் வக்காலத்து வாங்குவான்னுவாங்க." பெருமூச்சு விட்டார். "கடையில தினமும் பாக்கறேன்க்கா. யாரோ சொன்னாங்கன்னு நிறுத்திட்டு, எல்லாம் முத்தின பிறகு வருவாங்க. அந்தக் கோபத்தையெல்லாம் குழுவுல வந்து கொட்டுவேன். திட்டினா உறைக்கும்னு நெனச்சேன்."

"உறைச்சுதுதான் தம்பி. அதான் இப்படி நிக்கறார். தோத்துட்டேன்னு ஒரு வரி போடுங்க."

"அது முடியாதேக்கா. நான் தோத்தேன்னு போட்டா மாத்திரை வேணாம்னு அர்த்தமாயிடும். படிச்சுட்டு இன்னும் எத்தனை பேர் நிறுத்துவாங்களோ. அந்தப் பாவத்தை எங்க கொண்டு போய்க் கழுவுவேன்?"

"உங்களுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. எனக்கு ஒருத்தர்தான்."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்பதும், 'ஒரு நிமிஷம் இருங்க' என்று அவர் சொல்வதும் கேட்டது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, மொதல்ல அவர் ஒரு கேள்வி கேட்டாரே, மாத்திரையால சிறுநீரகம் கெடுமான்னு. அன்னைக்கு நான் என்ன பதில் சொன்னேன்? ஞாபகமே இல்ல."

"பதில் சொல்லல தம்பி. சிரிச்சீங்க."

அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்காரர் குழுவில் எழுதினார். கட்டிலில் சாய்ந்து, காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்த கணவர், போனை முகத்துக்கு நெருக்கிப் பிடித்துப் படித்தார். கண் மங்கல் அவ்வளவு.

"பத்தாவது மாடி அண்ணனுக்கு. நீங்கள் முதன்முதலில் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் கேலி செய்தேன். அதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதாவது பதில் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருப்பதுதான் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கட்டுக்குள் வைக்கத்தான் மாத்திரை. சிறுநீரகத்தில் ஏற்கெனவே பழுது இருந்தால் சில மாத்திரைகளை மாற்றிக் கொடுப்பார்கள். அதற்குத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. நீங்கள் பயந்தது நியாயம். கேட்டதும் நியாயம். நமக்குள் யார் ஜெயித்தது என்று வந்தால், நீங்களே என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் சொன்னது மாறாது. ஒரு தடவை போய்க் காட்டிவிட்டு வாருங்கள் அண்ணே."

அதற்குக் கீழே இரண்டு கட்சியும் பொங்கி எழுந்தன. 'வெற்றி, வெற்றி, எதிரி மண்டியிட்டான்' என்று இவருடைய ஆட்கள் வெடி வெடிக்கும் படங்களைப் போட்டார்கள். 'பயந்துவிட்டீர்களா, எவ்வளவு வாங்கினீர்கள்' என்று அவருடைய ஆட்களே அவரைக் குதறினார்கள். கணவர் அதையெல்லாம் விரலால் தள்ளிவிட்டு, மறுபடி மேலே போய், அந்தப் பதிலை மட்டும் திரும்பப் படித்தார்.

"இதைத்தான் கேட்டேன்" என்றார். போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவ்வளவுதாம்மா நான் கேட்டேன்."

அவள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஷூ வேணாம். செருப்பு எடு. போலாம்."

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நர்ஸிடம் ஏதோ சொன்னார். பிறகு கேட்டார்: "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"கொஞ்சம் வேலையா இருந்துட்டேன்" என்றார் அவர்.

அது பொய்யும் இல்லை. அவ்வளவு நேரமும் கவனமும் அவர் எந்த லிஃப்ட்டுக்கும் கொடுத்ததில்லை.

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து, போர்வை அந்த இடத்தில் பள்ளமாக விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டு, நெடுநேரம் மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தார். பிறகு போனைக் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல அவளே எழுதினாள். பொடியால் எதுவும் குணமாகவில்லை, அருமையாக இருக்கிறேன் என்று தினமும் எழுதியது பொய், கால் போய்விட்டது, மாத்திரையை யாரும் நிறுத்தாதீர்கள் என்று எழுதினாள்.

முன்பு கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். 'இவன் ஆரம்பத்திலிருந்தே போலி.' 'ஆஸ்பத்திரிக்காரர்கள் விலைக்கு வாங்கிவிட்டார்கள்.' 'ஒழுங்காகப் பத்தியம் இருந்திருக்க மாட்டான்.' தனியாக எழுதி ஆறுதல் சொன்ன அதே சகோதரர்கள், தங்கள் கட்சியின் தனிக் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

"படிக்கட்டுமா?" என்றாள் அவள்.

"வேணாம்" என்றார். "ஊரே பாத்துக்கிட்டிருக்குன்னு சொன்னேன்ல? பாத்துட்டுப் போயிடுச்சு."

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஓர் ஒல்லியான மனிதர் வார்டு வாசலில் தயங்கி நின்றார். கையில் ஒரு பையில் ஆப்பிள். வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கியது. எந்த ஆஸ்பத்திரி என்று போனில் சொன்னவள் அவள்தான், முகம் பார்த்ததில்லை. ஆனாலும் பார்த்தவுடனே தெரிந்துகொண்டாள். எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"அண்ணே, நான்..." என்றவர் போர்வையைப் பார்த்துவிட்டார்.

கணவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீதானா அது? எழுதறதைப் பாத்து ஆறடி ஆளுன்னு நெனச்சேன். ஏன் இப்படி மூச்சு வாங்குது? லிஃப்ட் இருக்குல்ல?"

"படியில வந்தேண்ணே. உங்களோட சண்டை போட ஆரம்பிச்சதுலேருந்து லிஃப்ட்டுல ஏற பயமா இருக்கு. உள்ள நீங்க ஏதாவது பண்ணி வச்சிருப்பீங்களோன்னு."

கணவர் சிரித்தார். தையல் போட்ட இடம் இழுத்து, முகம் சுளித்து, மறுபடியும் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் அந்தச் சிரிப்பைப் பார்த்தாள்.

அப்புறம் என்ன, இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள். கயிறு அறுந்து லிஃப்ட் விழும்போது, தரையைத் தொடுகிற நேரம் பார்த்து எகிறிக் குதித்தால் தப்பிக்கலாமா என்று. அதெல்லாம் கதை, விழுகிற வேகம் உன்னையும் சேர்த்து இழுக்கும் என்றார் இவர். கொஞ்சமாவது குறையுமே என்றார் அவர். அப்படியெல்லாம் கயிறு அறுபடவே படாது, அறுந்தாலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற பூட்டு இருக்கிறது என்றார் இவர். ஆதாரம் எங்கே என்று கேட்க வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டார் அவர். நர்ஸ் வந்து, இது ஆஸ்பத்திரியா டீக்கடையா என்று அதட்டிவிட்டுப் போனாள்.

அவள் ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தாள். கணவர் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, திடீர்னு ஏன் இறங்கி வந்த? நீ அப்படி இறங்கற ஆள் இல்லையே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "நான்தாங்க கேட்டேன்."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டேங்க. நீங்க போன்ல இருந்தீங்க."

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன கணமே அவளுக்குத் தோன்றியது. ஆனால் அவர் கோபப்படவில்லை. அவள் கையை எடுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். கை சுட்டது. காய்ச்சல் மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.

"பொடியை நம்பி நான் நிறுத்தல தம்பி" என்றார், வந்தவரைப் பார்த்து. "அதை நம்பியிருந்தாலாவது ஏமாந்தேன்னு சொல்லிக்கலாம். தப்புன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்புறமும் வாயைத் திறந்து சொல்ல முடியல. முகம் தெரியாத நாலு பேர் முன்னாடி தலை குனிய மாட்டேன்னு, இவளைக் கண்கலங்க வச்சுட்டேன்."

"நான் அன்னைக்கே ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தார் அவர்.

"சொல்லியிருக்கலாம்தான்" என்றார் கணவர். ஆறுதலாக வேறெதையும் சேர்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் கிளம்பும்போது, "லிஃப்ட்டுலயே போ, நல்ல லிஃப்ட்டுதான், சத்தத்தை வச்சே சொல்றேன்" என்றார்.

ரத்தத்தில் கலந்துவிட்ட விஷம் காலோடு போகவில்லை. ஊசிகளுக்கும் கட்டுப்படவில்லை. ஒரு விடியற்காலையில் அவர் போய்விட்டார். அவருக்குப் போட்டு அனுப்பிய சட்டையை அவளே பிடித்துத் தைத்தாள். காஜாக்காரி பட்டன் வைத்தாள்.

காரியமெல்லாம் முடிந்து, அவள் மறுபடியும் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். ஒரு மத்தியானம் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். சரக்கு அறைக்குள் போய் எடுத்தாள்.

"அக்கா, நான் அந்தக் குழுவை விட்டு வந்துடலாம்னு இருக்கேன். இனிமே யார்கிட்டயும் வாதம் பண்றதா இல்ல. எழுதறதையே நிறுத்திடறேன்."

"அங்க இப்ப என்ன நடக்குது?"

அவர் தயங்கினார். "இன்னொருத்தர் கிளம்பியிருக்கார். ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்திட்டேன், நானே ஆதாரம்னு போட்டிருக்கார். ஒரு பக்கம் கைதட்டுறாங்க. நம்ம பக்க ஆளுங்க முட்டாள், மூடன்னு கிழிச்சுக்கிட்டிருக்காங்க. அவரும் விடாம பதிலுக்குப் பதில் கொடுத்துக்கிட்டிருக்கார். எனக்குப் பாக்கவே முடியல."

அவள் ஒரு பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். 

"நீங்க வந்துட்டா அவருக்கு யாரு இருக்கா, தம்பி? போகாதீங்க. தெரிஞ்சவங்க வாயை மூடிட்டா அப்புறம் தெரியாதவங்க சத்தம்தான் கேக்கும். எழுதுங்க. ஆனா எல்லார் முன்னாடியும் வேணாம், அவருக்குத் தனியா எழுதுங்க. எதுக்குப் பயந்து நிறுத்தினார்னு கேளுங்க. வீட்ல யார் யார் இருக்காங்கன்னு கேளுங்க. பேரு என்னன்னு கேளுங்க. உண்மை நம்ம பக்கம் இருக்குங்கறதுக்காக ஒருத்தரை மூலையில தள்ளிட்டா, அவர் அந்த மூலையிலயே உக்காந்து செத்தாலும் சாவாரே தவிர வெளிய வர மாட்டார். அவர் திரும்பி வர ஒரு வழியை நாமதான் விட்டு வைக்கணும்."

"சரிக்கா" என்றார் அவர்.

"அவர் பதில் போட்டா எனக்குச் சொல்லுங்க" என்றாள் அவள். "அவர் வீட்டம்மா இருந்தாங்கன்னா, அவங்ககிட்ட நான் பேசறேன்."